மெயின்பிரேமும் தீக்குச்சியும்

எங்க சூலக்கரைப் பக்கம் இன்ஜினியரிங் முடிச்சுட்டுச் சென்னையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிலர், "என்னைய மெயின்பிரேம்ல போட்டுட்டாங்க"ன்னு சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பழைய சாமான், எதிர்காலம் இல்லைங்கிற நினைப்பு. அந்தப் பழைய சாமானிலிருந்துதான் நம்ம ஊர் ஐடி வேலையே முளைத்தது என்பது என் கட்சி.

சிவகாசித் தீக்குச்சியில் ஒரு வசதி உண்டு. எந்தக் கம்பெனிக் குச்சியையும் எந்தக் கம்பெனிப் பெட்டியில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். கணினியில் அது கிடையாது. ஒரு இயந்திரத்துக்கு எழுதிய நிரல், அதே கம்பெனியின் அடுத்த இயந்திரத்தில்கூடப் பெரும்பாலும் ஓடாது. 1964-ல் ஐபிஎம் 'சிஸ்டம்/360' வரிசையை அறிவித்தபோதுதான் இது மாறியது. சின்ன இயந்திரமோ பெரியதோ, ஒரே கட்டளைத் தொகுப்பு. ஆனால் ஐபிஎம்மை விட்டு வெளியே போகணும்னா எல்லாவற்றையும் திரும்ப எழுதணும். வசதியும் அதுதான், விலங்கும் அதுதான்.

போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 360-ஐ வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜீன் ஆம்டால் 1970-ல் வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். ஜப்பானின் ஃபுஜிட்சு அதில் பணம் போட்டது. 1975-ல் வந்த அவருடைய இயந்திரம் ஐபிஎம்மின் இயக்க மென்பொருளையே ஓட்டியது. சோவியத் முகாமும் 360-ஐப் பின்பற்றி ஒரு வரிசையை உருவாக்கியது.

இந்தியாவுக்கு இரண்டு பக்கத்துச் சரக்கும் வந்தது. சென்னை ஐஐடிக்கு 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155. மும்பை ஐஐடிக்கு சோவியத்தின் இசி-1030. பனிப்போரில் எதிரெதிர் அணி, இயந்திரத்துக்குள்ளே ஒரே வம்சம்!

அப்புறம் வந்தது சிக்கல். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கணும்னு 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம் சொன்னது. ஐபிஎம் ஒத்துக்கொள்ளாமல் 1978-ல் வெளியேறியது. இயந்திரங்கள் இங்கேயே நின்றன, கணக்கெல்லாம் அதற்குள்ளே. பழுதானால் யார் பார்ப்பது? அரசு நிறுவனமான சிஎம்சிதான் பொறுப்பெடுத்தது. ஐபிஎம் மட்டுமில்லை, வேறு கம்பெனி இயந்திரங்களையும் அது பராமரித்தது. இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில், எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் ஆட்கள் உருவானார்கள்.

மும்பையில் டிசிஎஸ் இதையே ஏற்றுமதித் தொழிலாக்கியது. 1974-ல் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனிக்காக ஒரு வேலை. அவர்களின் நடுத்தர இயந்திரத்துக்குக் கோபால் (ஆள் பெயரில்லை, கணினி மொழி!) மொழியில் எழுதிய மருத்துவமனை மென்பொருளை, அவர்களின் சிறிய இயந்திரத்துக்கு மாற்றணும். ஒரே கம்பெனி, ஒரே மொழி, ஆனாலும் வழக்கு வேறு. அந்த மாற்றத்தை டிசிஎஸ் செய்து முடித்தது எதில் தெரியுமா? பரோஸ் இயந்திரத்தில் இல்லை; அதன் போட்டியாளரான பிரிட்டனின் ஐசிஎல் தயாரித்த 1903 கணினியில்.

1970-களின் கடைசியில் டாடாவும் பரோஸும் சேர்ந்து டாடா பரோஸ் கம்பெனியைத் தொடங்கின. 1986-ல் பரோஸ், ஸ்பெர்ரியோடு இணைந்து யூனிசிஸ் ஆக, இதுவும் டாடா யூனிசிஸ் ஆனது. 1992-ல் ஐபிஎம் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது யாரோடு கூட்டு? அதே டாடாவோடு. உலகச் சந்தையில் மோதிக்கொண்ட இரண்டு கம்பெனிகளுக்கு இங்கே ஒரே கூட்டாளி. 2001-ல் சிஎம்சி டிசிஎஸ் கைக்குப் போனது. டாடா இன்ஃபோடெக் என்று பெயர் மாறியிருந்த பழைய டாடா பரோஸ், 2006-ல் டிசிஎஸ்ஸோடு இணைந்தது. ஐபிஎம் விட்டுப்போனதைப் பராமரித்தவர்களும் பரோஸின் பங்காளிகளும் கடைசியில் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான். ஜப்பானும் சோவியத்தும் ஒத்துப்போகும் இயந்திரத்தைச் செய்தார்கள். நம்மிடம் அதற்கு முதலீடு இல்லை; நாம் ஒத்துப்போக வைக்கும் வேலையைச் செய்தோம். லாபமும் கூலியும் வேறு வேறு என்பதால் இதில் பெருமை மட்டுமில்லை, குறையும் உண்டு. ஆனால் 360-க்கு எழுதிய நிரல்கள் பல இன்றைய ஐபிஎம் மெயின்பிரேமிலும் ஓடுகின்றன. ஓடும் வரைக்கும் அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மெயின்பிரேம்ல போட்டுட்டாங்கன்னு சலித்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.