பெயர் வைத்தவர் யார்?



இந்தப் பதிவில் ஒரு சிறு வரலாற்றை எழுத விரும்புகிறேன். அதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிழைதான் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் மிக மெதுவாக எழுதுவான். சொல்வதெழுதுதலில் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்த பிறகும் அவன் பாதியில்தான் இருப்பான். ஒருநாள் நான் சிரித்துக்கொண்டே, "நம் ஆமையார் வந்து சேரட்டும், காத்திருப்போம்" என்றேன். முயலும் ஆமையும் ஓடிய கதையில் வென்றது ஆமைதானே என்ற நினைப்பில் சொன்னது அது. வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

இரண்டு வாரங்களில் அது அவன் பெயராகிவிட்டது. உணவகத்தில் 'ஆமை', படிக்கட்டில் 'ஆமை', பள்ளிப் பேருந்தில் 'ஆமை'. புத்தகப்பையைப் பின்னாலிருந்து இழுத்து "ஓடு எங்கே? ஓடு, ஓடு!" என்று கத்துவது ஒரு விளையாட்டாயிற்று. தமிழ் வகுப்பு உள்ள நாட்களில் அவனுக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. ஒருநாள் அவன் தாயார் என்னைப் பார்க்க வந்தார்.

"டீச்சர், பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று புகார் சொல்லத்தான் நினைத்தேன். அந்தப் பேரை யார் வைத்தது என்று நேற்று ராத்திரி கேட்டேன். டீச்சர்தான் என்கிறான்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இளவரசியின் பெயரில் ஒரு சாலை

நான் குவீன்ஸ்டவுனில் வசிக்கிறேன். சிங்கப்பூரின் முதல் துணை நகரம் இது. 1953-ஆம் ஆண்டு முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாரை முன்னிட்டு இவ்வூருக்கு இப்பெயர் இடப்பட்டது. இங்குள்ள மார்கரெட் டிரைவ், அரசியாரின் தங்கை மார்கரெட் இளவரசியின் பெயரைத் தாங்கிய சாலை. 1970-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் நூலகம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. தாயார் வந்து போன வாரத்தின் இறுதியில் நான் அங்கேதான் போய் உட்கார்ந்தேன்.

அதே மார்கரெட் டிரைவோடு பல பத்தாண்டுகளாகச் சேர்த்துப் பேசப்படும் நிறுவனம் ஒன்று உண்டு. 'மைண்ட்ஸ்' என்று எல்லாரும் அழைக்கும் அந்த அமைப்பு, அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்துகிறது. 1962-இல் அது தொடங்கப்பட்டபோது அதன் பெயரில் 'ரிடார்டட் சில்ட்ரன்' என்ற சொற்கள் இருந்தன. தொடங்கியவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பிறர் வீட்டுக்குள் மறைத்து வைத்த பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று உழைத்தவர்கள். அக்காலத்தில் அது மருத்துவர்கள் பயன்படுத்திய சாதாரணச் சொல்.

ஆயினும், மருத்துவர் வாயில் நோயின் பெயராக இருந்த சொல், விளையாட்டுத் திடலில் வசைச்சொல்லாயிற்று. குறைபாடு ஏதும் இல்லாத பிள்ளையைக்கூட அப்பெயரைச் சொல்லி மட்டந்தட்டினார்கள். 1985-இல் அந்த அமைப்பு தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கி, அறிவுசார் குறைபாடுடையோருக்கான இயக்கம் என்று பொருள்படும் புதிய பெயரைச் சூடிக்கொண்டது. புதுப் பெயரின் சுருக்கமே 'மைண்ட்ஸ்'. அமெரிக்கா தன் கூட்டரசுச் சட்டங்களிலிருந்து அதே சொல்லை நீக்கச் சட்டம் இயற்றியது 2010-இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'ரிடார்டட்' என்ற சொல்லின் மூலப்பொருள் என்ன தெரியுமா? 'தாமதமான', 'மெதுவான' என்பதுதான். அகராதியில் அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் குத்தியது. நான் சொன்ன 'ஆமை'யும் அதே பொருள்தானே.

ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள்

1979-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இரண்டு செயல்கள் நடந்தன. ஒன்று, பண்புநெறி இயக்கம். கனிவாகப் பேசுங்கள், புன்னகை செய்யுங்கள், நன்றி சொல்லுங்கள் என்று நாடு முழுவதும் சுவரொட்டிகள் முளைத்தன. 1982-இல் 'சிங்கா' என்ற சிங்கமும் வந்தது. என் வயதுடையவர்கள் அந்தச் சிங்கத்தைப் பார்த்தே வளர்ந்தோம். 1997-இல் அதன் தொடர்ச்சியாகச் சிங்கப்பூர் கருணை இயக்கம் உருவாயிற்று.

மற்றொன்று, டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் கல்வி அறிக்கை. மாணவர்களை ஆற்றலுக்கேற்பத் தரம் பிரிக்கும் முறை அதிலிருந்துதான் பிறந்தது. அதற்கும் நியாயம் இருந்தது. பிள்ளைகள் பலர் வீட்டில் பேசாத மொழிகளில் பாடம் படிக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் ஒரே வேகம் என்ற முறையில் தோற்றுப்போய்ப் பாதியில் நின்றவர் ஏராளம். தரம் பிரித்த பிறகு இடைநிற்றல் குறைந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிரிவு என்றால் பெயர் வேண்டுமல்லவா? முதலில் தொடக்கநிலை மூன்றின் முடிவில் பிள்ளைகள் மூன்று பிரிவாயினர். 'ஒருமொழிப் பிரிவு' என்பது கடைசி. அப்பிள்ளைகள் எட்டு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் இருந்தனர். மற்றவர்கள் எழுதிய இறுதித் தேர்வை அவர்கள் எழுதவில்லை. பிறகு 1990-களில் தரம் பிரித்தல் தொடக்கநிலை நான்கின் முடிவுக்கு மாறியது. பெயர்களும் இஎம் 1, இஎம் 2, இஎம் 3 என மாறின. 'இ' என்பது ஆங்கிலம், 'எம்' என்பது தாய்மொழி, எண் என்பது நிலை. இஎம் 3 பிள்ளைகளுக்குத் தாய்மொழி அடிப்படை அளவில் மட்டுமே கற்பிக்கப்பட்டது. நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள் என்று தமிழாசிரியர்கள் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் 1990-களில் தொடக்கப்பள்ளியில் படித்தவள். ஒருவனைக் கேலி செய்ய வேறு சொல் தேட வேண்டியதே இல்லை. "நீ இஎம் 3" என்றால் போதும். அடிக்க வேண்டாம், தள்ள வேண்டாம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் அச்சிட்டுக் கொடுத்ததை எடுத்து எறிந்தோம்.

2002-இல் இயக்குநர் ஜாக் நியோ, இஎம் 3 சிறுவர் மூவரைப் பற்றி 'ஐ நாட் ஸ்டுப்பிட்' என்ற திரைப்படம் எடுத்தார். 'நான் முட்டாள் இல்லை' என்று பொருள்படும் அத்தலைப்பை ஒரு பிள்ளை சொல்லவேண்டி வந்ததே என்று பெற்றோர் பலர் அரங்கில் கண்ணீர் விட்டனர். 2004-இல் முதலிரு பிரிவுகளும் இணைக்கப்பட்டன. 2008 முதல் இஎம் 3 அகன்று, பிள்ளை ஒவ்வொரு பாடத்தையும் தனக்கேற்ற நிலையில் படிக்கும் முறை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024-ஆம் ஆண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அகன்றன.

கனிவைக் கற்பித்த சுவரொட்டியும், சுட்டிக் காட்டிய அடையாளமும் ஒரே பள்ளியின் சுவர்களுக்குள் பல ஆண்டுகள் சேர்ந்தே இருந்தன. பிள்ளைகள் எதைக் கூர்ந்து படித்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பகடியும் வதையும்

சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 'பகடிவதை' என்ற சொல் வழங்குகிறது. பகடி என்றால் கேலி; வதை என்றால் துன்புறுத்தல். செய்பவனுக்குப் பகடியாகவும் படுபவனுக்கு வதையாகவும் இருப்பதை ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

இத்துன்பத்துக்குப் பெயர் கிடைத்ததே ஒரு வரலாறு. பள்ளிகளில் அது என்றும் இருந்தது; "பிள்ளைகள் அப்படித்தான்" என்று பெரியவர்கள் கடந்து போனார்கள். 1969-இல் சுவீடனில் பீட்டர்-பவுல் ஹைனமன் என்ற மருத்துவர், கறுப்பினத்தைச் சேர்ந்த தம் வளர்ப்பு மகன் பட்ட பாட்டைக் கண்டு, ஒருவனைப் பலர் சூழ்ந்து வதைப்பதைப் பற்றி எழுதினார். பறவைக் கூட்டம் ஒன்றைச் சூழ்ந்து தாக்குவதைக் குறிக்கும் 'மாபிங்' என்ற சொல்லை அதற்கு வழங்கினார். நார்வேயில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே நாடளாவிய இயக்கம் தொடங்கியது. பேராசிரியர் டான் ஒல்வேயஸ் வகுத்த முறையைப் பின்பற்றிய பெர்கன் நகரப் பள்ளிகளில், இரண்டு ஆண்டுகளில் பகடிவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர் பிள்ளைகளிடமிருந்து தொடங்கவில்லை, பெரியவர்களிடமிருந்து தொடங்கினார். ஆசிரியர் அன்போடு இருக்கிறாரா, எல்லை வகுக்கிறாரா, பார்த்தும் பாராமல் போகிறாரா என்று கேட்டார்.

பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி இன்னொன்றைக் காட்டினார். வதைப்பவன், வதைபடுபவன் என இருவர் மட்டும் அங்கே இல்லை. சிரிப்பவர், சேர்ந்துகொள்பவர், ஒதுங்கி நிற்பவர், தடுப்பவர் என வகுப்பு முழுவதும் அதில் பங்கு கொள்கிறது. 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிய 'கிவா' திட்டம், வேடிக்கை பார்க்கும் அந்தப் பெரும்பான்மைக்கே பாடம் நடத்துகிறது.

தமிழகத்திலும் பெயர்தான்

பெரியவர்கள் கொடுக்கும் பெயர் பிள்ளைகள் கையில் ஆயுதமாவதற்குத் தமிழகத்தில் மிகக் கொடிய சான்று உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரை, அவர் பள்ளியில் படித்த மாணவர்கள் சிலர் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பே பள்ளியில் அவர் தொல்லைக்கு ஆளாகியிருந்தார். தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்குங்கள், வருகைப்பதிவேட்டில் சாதிக் குறிப்பு வேண்டாம், அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வையுங்கள் என்பன அதன் பரிந்துரைகளில் சில. எவ்வளவு எளிய செயல்கள்! ஆனால் அவற்றைச் செய்யவேண்டியவர்கள் யார்? மாணவர்கள் அல்லர், நாம்.

பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. பழைய பெயர் போனால் பிள்ளைகள் புதிய பெயரைச் செய்துகொள்வார்கள். இப்போதுள்ள ஜி1, ஜி2, ஜி3 என்ற பாட நிலைகளும் வசையாகாது என்று யாரும் உறுதி கூற முடியாது. பெயரோடு இருப்பிடமும் மாற வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடப்புக்கு வந்தபோது, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது; 2019-இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்துதான், மிதமான, கடுமையான தேவையுடைய பிள்ளைகளும் அச்சட்டத்துக்குள் வந்தனர். இன்று உயர்நிலை வகுப்பறையில் வெவ்வேறு நிலையில் படிப்போர் ஒன்றாக அமர்கின்றனர். அருகில் உட்கார்ந்து அழிப்பானைக் கடன் வாங்கியவனை அடைமொழியால் மட்டுமே அறிவது கடினம்.

நம் தொடக்கப்பள்ளிகளில் நன்னெறிப் பாடத்தைத் தாய்மொழியில்தான் நடத்துகிறோம். ஆகவே கனிவைக் கற்பிக்கும் பொறுப்பு தமிழாசிரியர் கையில் இருக்கிறது. 'இனியவை கூறல்' என்ற அதிகாரத்தைப் பலமுறை நடத்தியவள் நான். நடத்தியவளின் வாயிலிருந்துதான் 'ஆமை' வந்தது.

அத்தாயார் வந்து சென்ற பிறகு நான் செய்தவை பெரியவை அல்ல. மறுநாள் வகுப்பின் முன் நின்று, "அந்தப் பெயரை வைத்தது நான். அது தவறு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள். சொல்வதெழுதுதலில் சொற்களைக் குறைத்து, எல்லாருக்கும் நேரத்தைக் கூட்டினேன். சிரித்தவர்களை அழைத்துத் திட்டவில்லை. "நீ சிரிக்காவிட்டால் அவன் நிறுத்திவிடுவான்" என்று மட்டும் சொன்னேன்.

உடனே மாறவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் வரிசையில் நின்றபோது யாரோ பழக்கத்தில் "ஆமை" என்று அழைக்க, பின்னாலிருந்த சிறுமி, "அவன் பேர் அது இல்லை" என்றாள். சண்டைக் குரலில் சொல்லவில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவதுபோலச் சொன்னாள். அன்று எனக்கு மூச்சு வந்தது.

ஆசிரிய நண்பர்களே, இன்றிரவு உங்கள் வகுப்பின் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீங்கள் அப்பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் சொல்லும் சொல்லை எழுதிப் பாருங்கள். பெற்றோர்களே, நீங்கள் வீட்டில் அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டுச் சொல்லும் சொல்லை எழுதிப் பாருங்கள். 'மக்கு', 'மண்டு', 'சோம்பேறி' என்பன அதில் இருந்தால், அவை நாளை எந்தத் திடலில் யார் வாயிலிருந்து வரும் என்று எண்ணுங்கள்.

அந்த மாணவன் தொடக்கநிலை ஆறு முடித்துப் போகும்போது எனக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தான். மெதுவாக எழுதியிருப்பான் என்று தெரிந்தது. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. கீழே தன் முழுப்பெயரை, தந்தை பெயரோடு சேர்த்து எழுதியிருந்தான்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை