காழும் சூடும்: இறால் சுடுதல் பற்றி ஒரு குறிப்பு

சென்ற ஞாயிறன்று செம்பூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இறால் சுட்டோம். ஓடும் குடலும் நீக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து அரைமணி நேரம் ஊறவைத்துக் கம்பியில் கோத்தோம். கரியடுப்பில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும்; மிஞ்சினால் இறால் இறுகிவிடும். அப்போது ஒருவர் சொன்னார்: “கரிகாலன் காலத்திலேயே நாம் இறாலைக் கம்பியில் கோத்துச் சுட்டவர்கள். பட்டினப்பாலையில் இருக்கிறது.” இக்கூற்றை வேறிடங்களிலும் கேட்டிருக்கிறேன். பாதி உண்மையாக இருப்பதால் இதைத் திருத்துவது கடினம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மீனவர் சுட்ட கடல் இறாவைத் தின்கின்றனர். வேகவைத்த வயல் ஆமையை உண்கின்றனர். சுட்டது ‘சூடு’, அவித்தது ‘புழுக்கு’. வினைகளும் வேறு: முன்னதற்குத் தின், பின்னதற்கு உண். (சொற்பொருள் வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.) ஆனால் அங்கே கம்பி இல்லை. தணலில் நேரே இட்டார்களா, வேறு வழியில் சுட்டார்களா என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

கம்பி வருவது முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில். பாட்டுடைத் தலைவன் அதே கரிகாலன். இடம் அவனுடைய விருந்து. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநன், வெம்மை தாளாமல், வாயின் இருபுறமும் மாற்றி மாற்றித் தின்கிறான். கம்பிக்குச் சொல் ‘காழ்’. மரத்தின் வைரம், விதை, மணிவடம் ஆகியவற்றையும் குறித்த சொல் அது. ஆனால் அந்தக் காழில் இருந்தது ஊன், இறால் அன்று.

இரண்டு பாட்டையும் ஒட்டித்தான் மாடியில் கேட்ட கூற்று உருவாகிறது. ஒட்டும்போது கடற்கரையில் உழைத்தவர்களின் உணவு அரசனின் பந்திக்கு இடம்பெயர்கிறது. அதைச் சுட்டுத் தின்ற மீனவர் காணாமற்போகின்றனர். என் மறுப்பு இதற்காகவே. நாங்கள் பூசிய மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழி வந்தது என்பதெல்லாம் இதற்கு அடுத்த செய்தி. மிளகின் பெயரைக் கடன் வாங்கியே அது தமிழில் பெயர் பெற்றது.

‘சூடு’ இன்று பெரும்பாலும் வெப்பமே; சுட்ட பண்டம் என்ற பொருள் வழக்கில் இல்லை. ‘சுடு’ என்னும் வினையோ தோசைக்கும், எண்ணெயில் பொரியும் வடைக்கும் போய்விட்டது. எனவே நண்பர்கள் ‘கிரில்’ என்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

இத்தகைய இடப்பெயர்ச்சி மும்பையிலும் நிகழ்ந்திருக்கிறது. நாடெங்கும் உணவகப் பட்டியல்களில் உள்ள ‘கோலிவாடா இறால்’ கடலைமாவும் ஓமமும் சேர்த்துப் பொரிப்பது. கோலி மீனவர் சமையலிலிருந்து அது வரவில்லை. பிரிவினைக்குப் பின் சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபியர் கடைகளில் பிறந்தது என்பதே பரவலான கருத்து. 1909ஆம் ஆண்டின் பம்பாய் கெசட்டியர் நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைச் சொல்கிறது. ஞாயிறு காலை அங்கேதான் இறால் வாங்கினேன். மீன் விற்கும் பெண்களிடம் ‘கோளம்பி’ என்று கேட்க வேண்டும். பொடியாக இருந்தால் ‘கரந்தி’, நம் கூனிக்கு ‘ஜவ்ளா’, ஓடு நீக்கிக் காயவைத்ததற்கு ‘சோடே’. தாராவித் தமிழர் வீடுகளில் இவற்றுள் எவை புழங்குகின்றன என்று குறித்துவரத் தொடங்கியிருக்கிறேன்.