குவினாக்ரின் கருத்தடை

வயிற்றைத் திறக்காமல், கருப்பை வாய் வழியே மருந்தைச் செலுத்திக் கருக்குழாய்களை நிரந்தரமாக அடைக்கும் முறை. ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரோரிப் 1849இல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு இதை முயன்றார். அதன்பின் வந்த முயற்சிகள் பலவும் கைவிடப்பட்டன. குவினாக்ரின் 1930களில் ஜெர்மனியிலிருந்து வந்த மலேரியா மருந்து. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்கள் தோல் மஞ்சளாகும் அளவுக்கு இதை நாள்தோறும் விழுங்கினார்கள். சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் 1970களில் இதைக் கருப்பைக்குள் முதலில் கரைசலாகவும் பிறகு வில்லையாகவும் செலுத்திப் பார்த்தார். பின்னாளில் பரவிய முறையில் 36 மில்லிகிராம் வில்லைகள் ஏழு, காப்பர்-டி பொருத்தும் அதே மெல்லிய குழாய் வழியாக, மாதவிடாய் முடிந்த சில நாள்களுக்குள் வைக்கப்பட்டன; ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஏழு. வில்லை கரைந்து கருக்குழாயின் உள்வாயைப் புண்ணாக்கும். புண் ஆறும்போது உண்டாகும் தழும்பு குழாயை மூடிவிடும். மயக்க மருந்தும் தையலும் அறுவை அரங்கும் தேவையில்லை என்பதே இதன் கவர்ச்சி.

இம்முறை மிக விரிவாகப் பதிவானது 1989 முதல் 1993 வரை வியட்நாமில்தான். அங்கே 31,781 பெண்களுக்குச் செய்ததன் விவரம் 1993இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இரண்டு முறை வில்லை வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் முதலாண்டிலேயே கருவுற்றிருந்தார்கள். மருந்தின் நச்சுத்தன்மையை விலங்குகளில் முழுமையாகச் சோதித்த பிறகே மனிதரிடம் செல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் கூறியது. வியட்நாம் அதற்கு முன்பே நிறுத்திவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த எல்டன் கெசல், ஸ்டீபன் மம்ஃபோர்ட் இருவரும் சுவிட்சர்லாந்தில் தயாரான வில்லைகளைப் பல நாட்டு மருத்துவர்களுக்கு அனுப்பிவந்தார்கள். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய சோதனை, தோல்வி விகிதம் அதிகமாக இருந்ததால் நின்றது. ஆனால் தனியார் மருத்துவர்களும் சில தொண்டு அமைப்புகளும் உரிய அனுமதியின்றித் தொடர்ந்தார்கள். இந்தியாவில் இம்முறைக்கு உள்ளானவர்கள் 30,000 பெண்கள் என்று எழுதப்படுவதுண்டு; பொதுப் பதிவேடு எதிலும் ஏறாத இந்த எண்ணை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கமும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகப் பொதுநலவாழ்வு ஆசிரியர்களும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1998இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தடைக்கு ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கருத்தடைக்கான குவினாக்ரினின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றுக்குத் தடை வந்தது.

இந்தத் தடை ஏழைப் பெண்ணின் வழியை அடைத்தது என்பது ஆதரவாளர்களின் வலுவான மறுப்பு. பிரசவத்தில் பெண்கள் சாகும் நாட்டில் மருந்தின் ஆபத்து அதைவிடச் சிறியது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒப்பீடு அங்கேதான் பிசகுகிறது. குவினாக்ரினைப் பிரசவத்தோடு ஒப்பிடக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு எட்டும் மற்றக் கருத்தடை முறைகளோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட காட்டையே எடுத்துக்கொள்வோம். களைவெட்டுக்கும் கண்மாய் வேலைக்கும் போகிறவர்களுக்கும், தறிக்குழியில் மிதி மிதிப்பவர்களுக்கும் அறுவைக்குப் பின் பாரம் தூக்காமல் இருக்கும் நாள்கள் கூலியில்லாத நாள்கள். ஆகவே கத்தியில்லா முறை அந்த வட்டாரத்துக்கு உண்மையான தேவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. பெண்கள் பெரும்பாலும் பிள்ளை பெற்ற கையோடு, அந்தப் படுக்கையிலேயே ‘ஆபரேஷன்’ முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். குவினாக்ரினை அந்த நேரத்தில் வைக்க இயலாது. கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர வேண்டும். பிறகு இரண்டு முறை மருத்துவரிடம் போக வேண்டும். தழும்பு உறுதிப்படும் வரை சுமார் மூன்று மாதம் வேறு கருத்தடையும் வேண்டும். நாள்கூலிக்காரிக்கு இது எளிதாகிவிடாது. போதாததற்கு, வியட்நாம் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் பத்தாண்டுக்குள் கருவுற்றோர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் கருக்குழாய் அறுவைக்குப் பின் அந்த எண் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நிரந்தரம் என்று நம்பி எச்சரிக்கையின்றி இருப்பவளுக்கு இந்த வித்தியாசம் ஒரு பிள்ளை.

புற்றுநோய் பற்றிய கேள்வி தீரவில்லை. எலிகளில் செய்த நீண்டகாலச் சோதனையில் இனப்பெருக்க உறுப்புகளில் கட்டிகள் தோன்றின. பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் தெளிவான அதிகரிப்பைக் காட்டவில்லை. எலிக்குக் கொடுத்த அளவு மிகை என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆயிரக்கணக்கானோருக்குச் செய்த பிறகு எலியைக் கேட்டது முறையற்றது என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டாவது வாதத்தை எந்தப் பின்தொடர் ஆய்வும் தொடாது. அது சோதனையின் முடிவைப் பற்றியதல்ல, சோதித்த வரிசையைப் பற்றியது. அறுவை பாதுகாப்பானது என்றும் இதற்குப் பொருளில்லை. சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் 2014 நவம்பரில் கருத்தடை முகாமுக்குப் பின் 13 பெண்கள் இறந்தார்கள். முகாம்களை நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே பழுது முகாம் நடந்த விதத்தில். அதைச் சீர்செய்வதற்குச் சோதிக்காத மருந்து மாற்றாகாது. ஆணுக்கான அறுவை இவை எல்லாவற்றையும்விடச் சிறியது. 1950களில் பணவுதவி தந்து அதை முன்னெடுத்தது சென்னை மாகாணமே. இன்றோ மாநிலத்தில் அதைச் செய்துகொள்வோர் நூற்றுக்கு ஒருவரைக்கூட எட்டவில்லை. இதை ஒரு பின்னடைவாகவே கருத வேண்டியிருக்கிறது.

கத்தியில்லாத மற்றொரு நிரந்தர முறையான, கருக்குழாய்க்குள் சுருள் வைக்கும் எஸ்ஷூர் கருவிக்கு அமெரிக்கா 2002இல் அனுமதி தந்தது. வலி, இரத்தப்போக்கு பற்றிய புகார்களுக்கிடையே 2018 இறுதியில் அங்கே விற்பனை நின்றது. இந்திய அரசின் திட்டத்தில் நிரந்தர முறைகள் இன்னும் அறுவை மட்டுமே. அந்தரா ஊசியும் சாயா மாத்திரையும் 2017க்குப் பிறகு தற்காலிக முறைகளாகப் பரவிவருகின்றன.