கேக் தாளும் கந்தக அமிலமும்

போன மாசம் கேக் தட்டில் விரிக்க, கடையில் "பட்டர் பேப்பர்" கேட்டேன். சுருட்டிக் கொடுத்ததை நம்பி விரித்தேன். ஓவனைத் திறந்தால் புகை. கேக்கைக் கவிழ்த்தால் அடியில் தாள் ஒட்டிப் பிய்ந்து வருகிறது. கிடைத்தது மெழுகுத் தாள். சூட்டில் மெழுகு உருகாமல் என்ன செய்யும்?

அந்த ஒரே பெயரில் மெழுகுத் தாளும் விற்கிறார்கள், கூழை நெடுநேரம் அடித்து இழைகளை நெருக்கிச் செய்த கிரீஸ்ப்ரூஃப் தாளும் விற்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது பார்ச்மென்ட். அதன் கதையைத் தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பு.

பார்ச்மென்ட் என்றால் முதலில் தோல்தான். ஆட்டுத்தோல், கன்றுத்தோல். ஐரோப்பாவில் பத்திரம் எழுத அதுதான், விலையும் அதிகம். 1840களின் கடைசியில் பாரிசில் புமாரேத், லூயி ஃபிகியே என்ற இருவர் காகிதத்தைக் கந்தக அமிலத்தில் நனைத்து எடுத்துப் பார்த்தார்கள். (ஃபிகியே பின்னாளில் எல்லாருக்கும் புரிகிற அறிவியல் நூல்கள் எழுதிப் பேர் வாங்கியவர்.) இங்கிலாந்தில் கெயின் என்பவர் 1853-ல் இதே வழிக்குக் காப்புரிமை பெற்றார். பசை சேர்க்காத தாள், சில நொடி அமிலம், உடனே தண்ணீர்: அவ்வளவுதான். அமிலம் இழைகளின் மேற்பரப்பைக் கூழாக்கும், அந்தக் கூழ் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். தாமதித்தால் தாளே போச்சு. நேரம் சரியாக இருந்தால் நனைந்தாலும் கிழியாத, எண்ணெய் இறங்காத தாள் கிடைக்கும். அமிலத்தை நன்றாகக் கழுவி எடுத்துவிடுவதால் சாப்பாட்டுக்குப் பயமில்லை.

நான் எதிர்பார்க்காதது அடுத்து வந்தது. 1861-ல் லண்டனில் தாமஸ் கிரகாம் இந்தத் தாளை ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி, தண்ணீர் மேல் மிதக்கவிட்டு, உள்ளே சிறுநீரை ஊற்றினார். யூரியாவும் உப்புகளும் தாளைத் தாண்டி வெளித் தண்ணீருக்கு வந்தன. பெரிய மூலக்கூறுகள் உள்ளேயே தங்கின. இதற்கு அவர் வைத்த பெயர் டயாலிசிஸ்! இன்று ஆஸ்பத்திரியில் நாம் சொல்கிற அதே சொல். 1943-ல் ஹாலந்தில் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகம் செய்தபோது பயன்படுத்தியது செல்லோஃபேன் குழாய். அதுவும் செல்லுலோஸ்தான், இதற்குப் பங்காளி.

சமையலறையில் தாள் அதற்கு முன்பே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கேக் அச்சுக்குள் வெண்ணெய் தடவிய காகிதம் போடுவார்கள். அமிலத் தாள் வெண்ணெய், இறைச்சி பொதியவும் போனது. இன்றைய பேக்கிங் தாளில் ஒட்டாமல் இருப்பது மேலே பூசிய சிலிகானால். அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

இப்போ கடையில் ஒரு மூலையை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். நகத்தில் மெழுகு வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.