தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு

ஜெர்மனியில் முன்னோரைத் தேடுபவர் முதலில் அறிய வேண்டியது ஊர்ப் பெயர். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு அங்கே கிடையாது; ஊர் தெரியலைன்னா தேடல் நகராது.

பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், பேரரசு முழுவதும் 1876 ஜனவரியிலும் அரசுப் பதிவகங்கள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கின. இன்று பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணப் பதிவு 80, இறப்புப் பதிவு 30 கழிந்த பின்பே ஆவணக் காப்பகத்தில் எல்லாருக்கும் கிடைக்கும்.

அதற்கும் முந்திய தலைமுறைகளுக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பாதிரியார் கைப்பட எழுதியவை. எழுத்து, குர்ரென்ட் எனும் பழைய கையெழுத்து. இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது படிக்க வராது! முப்பதாண்டுப் போரில் (1618–1648) பல ஏடுகள் அழிந்தும் போயின.

மாணவர்களே, இந்த ஏடுகளை ஆசையோடு மட்டும் மக்கள் தேடவில்லை. 1933 ஏப்ரலில் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. அரசு ஊழியர்கள், தங்கள் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் யூதர் அல்லர் என்று சான்று காட்ட வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவுக்காகப் பலரும் தேவாலயங்களுக்கு எழுதிக் கேட்டார்கள். தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதர் என்றாலும் வேலை பறிபோகலாம். பள்ளி ஆசிரியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.