வீட்டு உரிமையாளர் சங்கம் (ஐக்கிய அமெரிக்கா)

வீட்டு உரிமையாளர் சங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குடியிருப்புத் தொகுதியின் பொதுச் சொத்துக்களைப் பராமரிக்கவும், அத்தொகுதிக்குரிய விதிகளை நடைமுறைப்படுத்தவும் அமைக்கப்படும் தனியார் அமைப்பு ஆகும். பெரும்பாலான தொகுதிகளில் வீடு வாங்குபவர் தாமாகவே இதன் உறுப்பினர் ஆகிறார். வீட்டை விற்காமல் இதிலிருந்து விலக இயலாது.

அமைப்பு

தொகுதியைக் கட்டும் நிறுவனம், வீடுகளை விற்பதற்கு முன்பே கட்டுப்பாடுகள் அடங்கிய உடன்படிக்கை ஒன்றைப் பதிவு செய்கிறது. இது நிலத்துடன் இணைந்தது. எனவே வீடு கைமாறினாலும் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு பராமரிப்புக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. விதிகளை மீறுவோருக்கு அபராதமும் விதிக்கிறது.

சங்கம் அமர்த்தும் வழக்கறிஞருக்குச் சங்கமே கட்சிக்காரர் ஆகும். தனி உறுப்பினர் அல்லர். சங்கத்துடன் பிணக்கு ஏற்படின் உறுப்பினர் வேறு வழக்கறிஞரை நாட வேண்டும்.

சட்ட வரம்புகள்

இன அடிப்படையில் வீடு விற்பதைத் தடுக்கும் உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என 1948 இல் செல்லி எதிர் கிரேமர் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது.

பிற கட்டுப்பாடுகள் பொதுவாகச் செல்லுபடியாகும். கலிபோர்னியாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்று பூனைகள் வளர்த்த பெண்ணுக்கு எதிராக, 1994 இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யப்பட்ட கட்டுப்பாடுகள் நியாயமானவை என்றே கருதப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பின்னர் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2001 முதல் உருவாக்கப்படும் அல்லது திருத்தப்படும் விதிகள் ஒரு வளர்ப்பு விலங்கையேனும் அனுமதிக்க வேண்டும்.

கட்டண நிலுவை

கட்டணம் செலுத்தப்படாவிடின் சங்கம் அவ்வீட்டின் மீது பற்றுரிமை பதிந்து, அதனை ஏலத்தில் விற்கவும் இயலும். வீட்டுக்கடனை ஒழுங்காகச் செலுத்துபவரும் இவ்வாறு வீட்டை இழக்கக்கூடும். இதனால் சில மாநிலங்கள் வரம்புகள் விதித்துள்ளன. கலிபோர்னியாவின் டேவிசு-இசுடர்லிங் சட்டத்தின்படி (1985, பின்னர் திருத்தப்பட்டது), வழக்கமான கட்டண நிலுவை 1,800 டாலரை எட்டியிருக்க வேண்டும் அல்லது 12 மாதங்களுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். நீதிமன்றம் செல்லாமல் ஏலம் விடப்பட்டால், அதன் பின்னரும் 90 நாட்களுக்குள் உரிமையாளர் பணம் செலுத்தி வீட்டை மீட்கலாம்.

பராமரிப்புப் பொறுப்பு

கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பதும் ஆபத்தானது. 2021 சூன் 24 அன்று புளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் 12 மாடிக் கட்டடம் ஒன்றின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் இறந்தனர். கடுமையான கட்டமைப்புச் சேதம் குறித்துப் பொறியாளர் ஒருவர் 2018 இலேயே சங்கத்திற்கு அறிக்கை அளித்திருந்தார். பெரும் செலவு பிடிக்கும் பழுதுபார்ப்பு குறித்து உறுப்பினர்களிடையே நீண்ட விவாதம் நடைபெற்றது. இவ்விபத்துக்குப் பின் 2022 இல் புளோரிடா இயற்றிய சட்டம், மூன்று மாடிகளுக்குக் குறையாத பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கட்டமைப்பு ஆய்வைக் கட்டாயமாக்கியது. முக்கியப் பழுதுகளுக்கான ஒதுக்கு நிதியை உறுப்பினர்கள் வாக்களித்துத் தள்ளுபடி செய்யும் வழக்கத்தையும் அது கட்டுப்படுத்தியது.