தாழ வேண்டியவர் யார்? லக்‌ஷ்மன் விக்கிரமசிங்கவின் இறுதி ஆயர் உரை: ஒரு மறுவாசிப்பு

குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்‌ஷ்மன் விக்கிரமசிங்க இலங்கையில் தமிழர்மீது நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் (கறுப்பு ஜூலை) பின் ஆற்றிய இறுதி ஆயர் உரையை, பரஸ்பர மன்னிப்புக்கான அழைப்பாகவே நல்லிணக்க ஆய்வுகள் பெரும்பாலும் எடுத்தாண்டு வந்துள்ளன. இரு இனங்களும் புண்பட்டன, ஆகவே இரண்டும் தாழ்ந்து வர வேண்டும் என்பது அந்த வாசிப்பின் சாரம். உரையின் போக்கு இதற்கு இடம் தரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

உரையின் மையப்பகுதி படிப்படியாக நகர்கிறது. தமிழர்மீது நடந்ததை அறத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாதென்று சிங்களவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்து வெட்கப்பட வேண்டும், அதுவும் உரிய காரணத்துக்காக. இனத்தின் நற்பெயர் கெட்டுவிட்டதே என்ற வெட்கம் ஆயருக்குப் போதவில்லை. நடந்தது அறக்குற்றம் என்பதற்காகவே வெட்கம் வர வேண்டும். அதன் பிறகுதான் பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்புக் கேட்பது வருகிறது. தமிழர் பதிலுக்கு என்ன செய்ய வேண்டுமென்ற நிபந்தனை இந்த வரிசையில் எங்கும் இல்லை. பரஸ்பர வாசிப்பு இந்த மௌனத்தைத்தான் தன் சொற்களால் நிரப்பிக்கொள்கிறது.

வன்முறையை ஆயர் பதிலடி என்றே வருணிக்கிறாரே, அப்படியானால் பழியில் தமிழருக்கும் பங்குண்டு என்றாகாதா எனக் கேட்கப்படலாம். ஜூலை 23இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதை அவர் மறைக்கவில்லை. ஆனால் பதிலடி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அதை நியாயப்படுத்த முடியாது என்பதில்தான் அவருடைய வாதத்தின் வலு இருக்கிறது. சிறுபான்மைச் சபையின் ஆயர் ஒருவர் பெரும்பான்மையான பௌத்தருக்காக எப்படி மன்னிப்புக் கேட்கலாம் என்ற ஆட்சேபம் இதைவிட எளிது. அவர் அங்கே பேசியது சிங்களவராக. தேவாலயம் அவர் நின்ற இடம், அவ்வளவுதான்.

மன்னிப்பைப் பேசுவோர் வழக்கமாக மத்தேயு 18ஐ, அதாவது ஏழெழுபது முறை மன்னிக்கும் கடனை, முன்வைப்பார்கள். அது பாதிக்கப்பட்டவரை நோக்கிய கட்டளை. ஆயர் உரையின் அமைப்போ மத்தேயு 5:23-24க்கு நெருக்கமானது: சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே விட்டுவிட்டு அவனிடம் போக வேண்டியவன் தவறிழைத்தவன்தான். பிலிப்பியர் 2இன் தாழ்மையும் உயரத்தில் இருந்தவர் இறங்கி வந்த தாழ்மை. ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவரிடம் அதைக் கேட்பது வேறு காரியம்.

குருநாகல் மறைமாவட்டத்தின் புவியியலும் இதற்குத் துணை நிற்கிறது. மாத்தளை மாவட்டம் அதற்குள் அடங்கும். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், தம்புள்ள, நாவுல, நாலந்தா என்று நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களது வழிவந்தோரின் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலும் 1983இல் தாக்குதலுக்குத் தப்பவில்லை. சிங்களவர் மிகப் பெரும்பான்மையாக வாழும் நாவுல போன்ற பிரதேசத்தில் ‘இரு தரப்பும் இறங்கி வாருங்கள்’ என்பது, சிலராக இருப்போரை இன்னும் ஒரு படி இறங்கச் சொல்வதாகவே முடியும். இதை ஆயர் அறியாதவரல்லர். 1971இல் தொடங்கிய சிவில் உரிமைகள் இயக்கத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தவர் அவர்.

1983 அக்டோபரில் அவர் காலமானார். ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டது 2004இல். அது அரசு பட்ட கடன். உரை சுட்டிய கடன் அதனால் தீர்ந்துவிட்டதாக நான் கொள்ளவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் கிறிஸ்தவர்களே பாதிக்கப்பட்டோரானார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் 2020இல் தாக்கியோரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 2021 மார்ச் 7இல் கறுப்பு ஞாயிறு அனுசரிக்கச் செய்து நீதி கேட்டார். இதில் முரண் ஏதுமில்லை. அன்று தாக்கப்பட்ட கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டித் தேவாலயங்களுக்காக உண்மையைக் கேட்கும் அதே திருச்சபையினர், 1983க்கு மட்டும் ‘மறப்போம், மன்னிப்போம்’ என்று தமிழரிடம் சொல்ல முடியாது.